‘மெல்ட்’ என்ற வினைக்கு ‘உருகு’ மட்டும் போதுமா?

#1 சொல்லடைவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான ஆங்கிலம்–தமிழ்க் கையகராதி ஒன்றில் வினைச்சொற்களைத் தொகுத்து வருகிறேன். ‘மெல்ட்’ என்ற சொல்லுக்கு நேராக “உருகு, உருக்கு, கரை, இளகு” என்று நான்கு சொற்களை வரிசையாக எழுதி முடித்துவிட்டேன். அந்த வரைவைப் படித்த மாணவி ஒருத்தி “தேநீரில் சர்க்கரை உருகியது” என்று ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினாள். படித்தவுடன் தவறு என்று தெரிந்தது. ஆனால், நான் கொடுத்த நான்கு சொற்களில் முதலாவதைத்தானே அவள் எடுத்திருக்கிறாள்? பிழை அவளுடையது அன்று, என் பதிவினுடையது.

ஆங்கிலத்தில் இதற்கு இணைச்சொற்களாக ‘தாவ்’ (எழுத்தைப் பார்த்து இப்படி எழுதுகிறேன்; ஒலிப்பில் ‘தா’ என்றே வரும்), ‘டிசால்வ்’, ‘ஃப்யூஸ்’, ‘ஸ்மெல்ட்’, ‘லிக்விஃபை’ ஆகியவற்றைத் தருகிறார்கள். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவைதானா? தமிழில் எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும்? தொழில் அறிந்தவர்களும் மொழி அறிந்தவர்களும் உதவ வேண்டுகிறேன்.

#2 வேதியியல் ஆசிரியை

முதலில் உருகுவதையும் கரைவதையும் பிரித்துவிடுங்கள்; பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு திண்பொருள் வெப்பம் ஏறி, வேறொன்றின் துணையில்லாமல், தானே நீர்மமாவது உருகுதல். ஒரு பொருள் இன்னொரு நீர்மத்துக்குள் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து பரவுவது கரைதல். உருகுவதற்கு ஒரு பொருளும் சூடும் போதும். கரைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும்.

சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம். அது தனியாக உருகுவதற்கு ஏறத்தாழ 186 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் அது பழுப்பேறிச் சிதையவும் தொடங்கிவிடும். தேநீரோ 100 பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே தேநீரில் சர்க்கரை உருகுவதற்கு வழியே இல்லை, கரையத்தான் முடியும். வகுப்பில் இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. ஒரு கரண்டியில் வெறும் சர்க்கரையை இட்டு அனலில் பிடிப்பேன். இன்னொரு கரண்டிச் சர்க்கரையை நீரில் போட்டுக் கலக்குவேன். முதல் கரண்டியில் ஓரங்கள் கண்ணாடிபோலப் பளபளத்து, பொன்னிறமாகி, பிறகு கருகும் மணம் எழும். இரண்டாவதில் நிறமும் மாறாது, மணமும் வராது. சர்க்கரை மட்டும் காணாமற்போயிருக்கும். ஒரு முறை பார்த்த பிள்ளைகள் பிறகு இரண்டு சொற்களையும் மாற்றி எழுதுவதில்லை.

உருகுநிலை, உறைநிலை, உள்ளுறை வெப்பம் என்ற கலைச்சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டன. 0 பாகையில் இருக்கும் 1 கிலோ பனிக்கட்டி, அதே 0 பாகையில் நீராவதற்கு ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. அதுவரை வெப்பமானி அசையாது. இந்த நிகழ்வுக்கு ‘உருகு’ என்பதைத் தவிர வேறு சொல் வேண்டியதில்லை.

#3 பேச்சுவழக்கு ஆர்வலர்

அம்மா சொல்வது அறிவியலுக்குப் பொருந்துகிறது. ஆனால், மொழி அவ்வளவு எளிதாக வகுபடுவதில்லை என்பதையும் இங்கே பதிய விரும்புகிறேன். “சீக்கிரம் குடி, ஐஸ் கரைஞ்சிடும்” என்று என் வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் சொல்கிறார்கள். கற்பூரம் கரைந்தது என்கிறோம். கையிருப்புப் பணம் கரைந்தது, ஆற்றங்கரை மண் கரைந்தது, கவலையில் ஆள் கரைந்துபோனான் என்றெல்லாம் சொல்கிறோம். இவற்றில் கரைப்பானும் இல்லை, கரைபொருளும் இல்லை.

நெடுநாள் யோசித்து நான் கண்டது இதுதான். ‘உருகு’ என்ற சொல் வடிவம் மாறுவதைப் பார்க்கிறது. ‘கரை’ என்ற சொல் அளவு குறைந்து இல்லாமற்போவதைப் பார்க்கிறது. உருகிய பொருள் அங்கேயே நீர்மமாக இருக்கும். அதை வார்க்கலாம், மீண்டும் உறையவைக்கலாம். கரைந்த பொருள் கண்ணுக்கு அகப்படாது. மெழுகுவர்த்தியைப் பாருங்கள். மெழுகு உருகித் தட்டில் வழிகிறது. மெழுகுவர்த்தியோ கரைந்து குட்டையாகிறது. இரண்டு வாக்கியங்களும் சரி, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தட்டில் சேர்ந்ததைப் பார்ப்பவர் ஒரு சொல்லையும், நின்றது குறைவதைப் பார்ப்பவர் மற்றதையும் எடுக்கிறார். சர்க்கரை நீரில் மறைவதற்கும் பணம் செலவில் மறைவதற்கும் ஒரே சொல் வந்த வழியும் இதுவே என்று கருதுகிறேன்.

#4 வேதியியல் ஆசிரியை

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. மெழுகுவர்த்தி எடுத்துக்காட்டை என் வகுப்பிலும் சொல்வேன். அறிவியல் பாடத்தில் மட்டும் பனிக்கட்டி ‘உருகும்’ என்றே எழுதச் சொல்வேன், அதில் மாற்றமில்லை.

#5 அடுக்களைக் குறிப்புகள்

ஆங்கிலச் சமையற்குறிப்புகளைத் தமிழில் எழுதுபவள் என்ற முறையில் நான் நாள்தோறும் முட்டிக்கொள்ளும் சொல் இது. வெல்லத்தைச் சிறிது நீருடன் அடுப்பில் வைத்து ‘மெல்ட்’ செய்யுங்கள் என்று அவர்கள் எழுதுகிறார்கள். அதை “வெல்லத்தை உருக்கவும்” என்று எழுதினால், படிப்பவர் வெறும் வாணலியில் வெல்லத்தைப் போட்டுத் தீய்த்துவிடக்கூடும். நம் வீடுகளில் சொல்வது “வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சவும்” என்பதுதான். கரைப்பது, வடிகட்டுவது, காய்ச்சுவது என்று மூன்று வேலைகளுக்கு மூன்று சொற்கள் தயாராக இருக்க, ஒரே ஆங்கிலச் சொல்லைத் துரத்திக்கொண்டு போவதில் பயனில்லை.

வெண்ணெய் இன்னும் நுட்பமானது. ரொட்டியின் மேல் தடவ வெண்ணெயை உருக்குகிறோம். அதே வெண்ணெயை நெய்யாக்குவதற்கு ‘வெண்ணெய் காய்ச்சுகிறேன்’ என்பவர்களும் உண்டு, ‘வெண்ணெய் உருக்குகிறேன்’ என்பவர்களும் உண்டு. என் அம்மா காய்ச்சும்போது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டி முதலில் அடியிலிருந்து சரியும், பிறகு மஞ்சள் நீர்போல முழுவதும் பரவும், அதுவரை உருகல். அதற்குப் பின் சடசடவென்று ஓசை எழும், நுரை பொங்கும், வெண்ணெயில் இருந்த நீர் ஆவியாகிப் போகும். அந்த ஓசை அடங்கும் வேளையில் ஒரு பிடி முருங்கைக் கீரையைப் போட்டு இறக்கிவிடுவார். அடியில் பழுப்புக் கசடு தங்கியிருக்கும். ஆங்கிலத்தில் வெண்ணெயை இப்படித் தெளியவைப்பதற்கு வேறொரு வினை இருக்கிறது. கொழுப்புத் துண்டுகளை மெல்லிய தீயில் வைத்து எண்ணெயைப் பிரித்தெடுப்பதற்கோ ‘ரெண்டர்’ என்பார்கள். அவை இரண்டையும் ‘மெல்ட்’ பதிவில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. வாய்க்குள் நடப்பதற்கு நாம் எப்போதும் கரைதல் என்றே சொல்கிறோம். சாக்லெட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் 34 பாகையை ஒட்டி உருகுவதால்தான், உடற்சூட்டில் அது நாக்கில் இளகிப் பரவுகிறது. அறிவியல்படி அது உருகல். ஆனாலும் “வாயில் போட்டதும் உருகுகிறது” என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு ஒட்டவில்லை. “வாயில் போட்டதும் கரைகிறது” என்பதே இயல்பு. #3 சொன்ன விளக்கம் இங்கும் பொருந்துகிறது. உண்பவருக்கு அது மறைந்துபோவதுதானே தெரிகிறது?

#6 வார்ப்புப் பட்டறை

உலோகப் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன். ‘ஸ்மெல்ட்’ என்பதை ‘மெல்ட்’ என்பதற்கு இணைச்சொல்லாகத் தருவது பெரிய பிழை. முன்னது, தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வேதிவினை. பின்னது, ஏற்கெனவே இருக்கும் உலோகத்தை நீர்மமாக்கும் வேலை. பழைய இரும்பு உலைகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தூய இரும்பு உருக 1538 பாகை வேண்டும். துருத்தி வைத்து ஊதிய களிமண் உலைகள் அந்தச் சூட்டை எட்டவில்லை. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, கசடுதான் உருகி வடிந்தது. இரும்பு பஞ்சுபோன்ற கட்டியாகத் திண்ம நிலையிலேயே நின்றது. அதைச் சூட்டோடு எடுத்துச் சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிதுக்கினார்கள். இரும்பு உருகாமலேயே அங்கே ‘ஸ்மெல்ட்’ நடந்து முடிந்துவிட்டது. ஆகையால் அதற்கு “தாதுவிலிருந்து உலோகம் பிரித்தல்” என்று தனிப் பதிவு போடுங்கள்.

இதற்கு நேர்மாறானது நம் ‘உருக்கு’. இரும்பையும் கரிப்பொருளையும் மூசைக்குள் (உலோகத்தை உருக்கும் கலத்துக்குள்) இட்டு, வாயைக் களிமண்ணால் மூடி, நெடுநேரம் சூடேற்றுவார்கள். கரி ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்குகிறது, கரி 4.3 விழுக்காட்டை எட்டினால் 1147 பாகையே போதும். உருக்கில் கரி அதைவிடக் குறைவுதான் என்றாலும், மூசைக்குள் இருப்பது உருகும் அளவுக்கு அது உதவியது. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இத்தகைய வேலை நடந்த உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தமிழில் உருக்கு, கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று எழுதிய பெயர் இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே பரவலான கருத்து. 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் அந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். அடித்துச் செய்த இரும்பிலிருந்து உருக்கிச் செய்ததைப் பிரித்துக் காட்டும் பெயராகவே நான் அதைப் பார்க்கிறேன். சேலம் உருக்காலை என்று பெயர்ப்பலகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வினைச்சொல்தான் நினைவுக்கு வரும்.

மெழுகு வார்ப்பில் இளக்குதலும் உருக்குதலும் ஒரே பொருளில் அடுத்தடுத்து நடக்கின்றன. சுவாமிமலையில் வார்க்கும் உலோகச் சிலைகளுக்குத் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகைப் பயன்படுத்துவார்கள். விரல்களுக்கு வளையும் அளவுக்குச் சூடு காட்டுவது இளக்குதல். அந்த மெழுகு உருவத்தின் மேல் ஆற்று வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்தி, வறட்டித் தீயில் சுடும்போது மெழுகு முழுவதும் நீர்மமாகி, விட்டுவைத்த துளை வழியே வெளியேறும். அது உருகுதல். காலியான அந்த இடத்தில்தான் மூசையிலிருந்து உலோகத்தை வார்க்கிறார்கள். இளக்கிய மெழுகு சொன்ன வடிவில் நிற்கும், உருகிய மெழுகு நிற்காது. அகராதியில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

#7 சொல்லடைவு

மிக்க நன்றி, ஐயா. நெகிழிகளுக்கும் ‘இளகு’ என்பதே சரியா?

#8 வார்ப்புப் பட்டறை

ஆம். பாடநூல்களில் ‘இளகும் நெகிழி’, ‘இறுகும் நெகிழி’ என்றே பிரிக்கிறார்கள். கண்ணாடிக்கும் இது பொருந்தும். அதற்குப் பனிக்கட்டியைப்போலக் குறிப்பிட்ட ஓர் உருகுநிலை கிடையாது, சூடேற ஏறப் படிப்படியாக இளகிக்கொண்டே போகும். உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு அப்படியன்று. வெள்ளீயம் 63 பங்கு, ஈயம் 37 பங்கு இருந்தால் 183 பாகையில் சாம்பல் நிறக் கட்டி கண்முன்னே சட்டென்று பளிச்சிட்டு உருண்டு திரளும். இளகல் என்ற இடைநிலையே அதில் தெரியாது.

#9 சொல்வரலாறு

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் தானே உருகுவதற்கு ‘மெல்டன்’ என்றும், ஒன்றை உருக்குவதற்கு ‘மியெல்டன்’ என்றும் இரண்டு வினைகள் இருந்தன. காலப்போக்கில் அவை ஒன்றாகிவிட்டன. இன்று ஆங்கிலத்தில் பனி உருகினாலும் கொல்லர் பொன்னை உருக்கினாலும் ஒரே சொல்தான். தமிழில் ஓர் ஒற்று இரட்டிப்பதால் தன்வினையும் பிறவினையும் இன்றும் தெளிவாக நிற்கின்றன: உருகு–உருக்கு, இளகு–இளக்கு. ‘கரை’ மட்டும் வேறு வழியில் போகிறது. கரைகிறது–கரைக்கிறது, கரைந்தது–கரைத்தது என்று காலம் காட்டும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். அகராதியில் இவற்றை இணைஇணையாகக் கொடுங்கள். காற்புள்ளி வரிசையில் கலந்து கொடுத்தால் மாணவர்கள் ‘பனி உருக்கியது’ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

‘மோல்டன்’ என்பது இதே வினையின் பழைய எச்சவடிவம். இப்போது பெரும்பாலும் உயர்ந்த சூட்டில் உருகியவற்றுக்கு, அதாவது உலோகம், பாறை, கண்ணாடி ஆகியவற்றுக்கு மட்டும் அடைமொழியாக வருகிறது. வெண்ணெய்க்கும் பனிக்கும் ‘மெல்டட்’ என்பார்கள். தமிழில் நாம் இந்த வேறுபாட்டைப் பெயர்ச்சொல்லால் காட்டுகிறோம். பாறைக்குழம்பு, எரிமலைக் குழம்பு என்று சொல்லிவிட்டால் ‘உருகிய’ என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை.

‘ஃப்யூஸ்’ என்பது வார்த்தல், ஊற்றுதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது. அளவுக்கு மீறி மின்சாரம் பாயும்போது தான் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் கம்பிக்கு நாம் ‘மின்னுருகி’ என்று பெயர் வைத்தோம். செயலைப் பார்த்து வைத்த அருமையான பெயர் அது. ஆனால், அதே சொல்லின் வழிவந்த ‘ஃப்யூஷன்’ இரண்டு இடங்களில் இரண்டு பொருள் தரும். வெப்பவியலில் அது உருகுதல், அணு இயற்பியலில் அது இணைவு. சூரியனுக்குள் ஹைட்ரஜன் உருகவில்லை, இணைகிறது. மாணவர் அகராதியில் இதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

#10 சொல்லடைவு

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ‘தாவ்’ என்பதற்கும் ‘உருகு’ என்றே போட்டிருக்கிறேன், அது சரியா? மனம் ‘மெல்ட்’ ஆவதற்கு ‘இளகு’ என்பதா, ‘உருகு’ என்பதா?

#11 செய்தி மொழிபெயர்ப்பாளர்

‘தாவ்’ பற்றிச் சொல்கிறேன். ஆர்க்டிக் பகுதியில் ஆண்டுக்கணக்கில் உறைந்து கிடக்கும் நிலத்தைப் பற்றி எழுதும் அறிவியலாளர்கள், அந்த மண் ‘மெல்ட்’ ஆவதில்லை, ‘தாவ்’ ஆகிறது என்று வற்புறுத்துவார்கள். மண்ணுக்குள் இருக்கும் பனிதான் உருகுகிறது. மண் உருகுவதில்லை, உறைவு நீங்கிச் சேறாகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மீனை நினைத்துப் பாருங்கள். “ஐஸ் விட்டதும் கழுவலாம்” என்கிறோமே தவிர, மீன் உருகட்டும் என்று யாராவது சொல்வோமா? ஆகவே ‘தாவ்’ என்பதற்கு ‘உறைவு நீங்கு’ என்பதே நேரான பொருள். ஸ்டாலினுக்குப் பின் குருசேவ் ஆட்சியில் கெடுபிடிகள் தளர்ந்த காலத்தையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். அங்கே “இறுக்கம் தளர்ந்தது” என்று எழுதுவதே தமிழ்.

மனத்தைப் பொறுத்தவரை இரண்டு சொற்களும் வேண்டும், இரண்டும் வெவ்வேறு. இளகுவதற்கு முன்னால் அந்த மனம் கடினமாக இருந்திருக்க வேண்டும். பிடிவாதமாக இருந்த தந்தை மகள் அழுததைக் கண்டு மனம் இளகினார். உருகுவதற்கு அத்தகைய கடினம் முன்னால் வேண்டியதில்லை. அன்பு, பக்தி, துயரம் ஆகியவற்றால் உள்ளம் நிலைகொள்ளாமற்போவது அது. “திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார்” என்ற பழமொழியில் ‘இளகார்’ என்று போட்டால் பொருளே சிறுத்துவிடும். இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. காசநோயை நம் முன்னோர் ‘எலும்புருக்கி நோய்’ என்றார்கள். உடலை உள்ளிருந்து மெலியவைப்பதற்கும் இதே வினையைத்தான் எடுத்தார்கள்.

‘மெல்ட் டவுன்’ என்ற தொடரைக் கண்டால் ஒவ்வொரு முறையும் நின்று யோசியுங்கள். 1979இல் திரீ மைல் தீவிலும், 1986இல் செர்னோபிலிலும், 2011இல் ஃபுகுஷிமாவிலும் நடந்தது உண்மையான உருகல். அங்கெல்லாம் அணு உலையின் எரிபொருளே உருகியது. பங்குச்சந்தைக்கு அதே தொடர் வரும்போது ‘சரிவு’ என்று எழுதுங்கள். கூட்டத்துக்குள் ஒருவன் ‘மெல்ட்’ ஆகிவிட்டான் என்றால், கூட்டத்தில் கரைந்துவிட்டான் என்பது அழகாகப் பொருந்தும்.

#12 பழந்தமிழ் வாசகர்

குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய ஒரு காட்சியை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. வெயில் காயும் பாறையின் மேல் வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கிறது. கையில்லாத, வாய் பேச முடியாத ஒருவன் கண்ணால் மட்டுமே அதற்குக் காவல் இருக்கிறான். தன் காமநோய் அந்த வெண்ணெய்போலப் பரவிவிட்டது என்கிறான் தலைவன். கண்முன்னே வெண்ணெய் உருகுகிறது. ஆனால், ‘உருகு’ என்ற சொல் அந்தப் பாட்டில் இல்லை. ‘பரந்தன்று’ (பரவியது) என்றுதான் இருக்கிறது. எடுத்து வைக்கவும் முடியாமல், கூவி யாரையும் அழைக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, அது உருகுவதைவிடப் பரவுவதுதானே உறைக்கும்?

#13 சொல்லடைவு

அனைவருக்கும் நன்றி. திருத்திய பதிவை இப்படி அமைத்திருக்கிறேன். முதற்பொருள்: சூட்டால் நீர்மமாதல் அல்லது ஆக்குதல், உருகு–உருக்கு, எடுத்துக்காட்டு, “வெயிலில் பனிக்கட்டி உருகியது, பொற்கொல்லர் பொன்னை உருக்கினார்.” இரண்டாம் பொருள்: கடினம் குறைதல், இளகு–இளக்கு, “அவருடைய மனம் இளகியது.” மூன்றாம் பொருள்: மெல்லக் குறைந்து மறைதல், கரை, “கூட்டம் கரைந்தது.” இணைச்சொற்கள் என்ற தலைப்பின் கீழ் ‘லிக்விஃபை’ மட்டும் வைத்திருக்கிறேன், மற்ற நான்கையும் தனிப் பதிவுகளாக்கிவிட்டேன்.

#14 வேதியியல் ஆசிரியை

‘லிக்விஃபை’ என்பதையும் எடுத்துவிடுங்கள், ஐயா. அறிவியல் பாடத்தில் பெரும்பாலும் அது வளிமங்களை நீர்மமாக்குவதற்கே வரும். இயற்கை எரிவளியை நீர்மமாக்க ஏறத்தாழ −162 பாகைக்கும், நைட்ரஜனை −196 பாகைக்கும் குளிர்விக்க வேண்டும். அங்கே சூடேற்றும் பேச்சே இல்லை. இதையும் ‘உருகு’ என்பதன் அருகில் வைத்தால் மாணவர்கள் நேர் எதிர்த் திசையில் போய்விடுவார்கள்.

#15 சொல்லடைவு

எடுத்துவிட்டேன், அம்மா. ‘டிசால்வ்’ பதிவில் “தேநீரில் சர்க்கரை கரைந்தது” என்ற எடுத்துக்காட்டைச் சேர்த்திருக்கிறேன். அந்த மாணவியிடம் புதிய தாளை நாளை கொடுத்து, அதே வாக்கியத்தை மறுபடி எழுதச் சொல்லப்போகிறேன்.